வராத புண்

ஒரே நிலையில் கிடக்கும் உடம்பில் புண் எங்கே தொடங்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். முதுகுத்தண்டு முடியும் இடம், இரண்டு குதிகால்கள், பின்தலை, தோள்பட்டை எலும்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் காதுமடல், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் சில மணி நேரத்திலேயே அந்த இடம் சிவக்கும். விரலால் அழுத்திப் பார்ப்போம். அழுத்தும்போது வெளுத்து, விரலை எடுத்ததும் சிவப்பு திரும்பினால் இன்னும் அவகாசம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே கெடுதல் ஆரம்பித்துவிட்டது. பாடப்புத்தகம் இதை வெள்ளைத் தோலை வைத்து எழுதியிருக்கிறது. நம் ஊர்க் கறுத்த முதுகில் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. புறங்கையை வைத்துத்தான் அறிய வேண்டும். அந்த இடம் மட்டும் சூடாக இருக்கிறதா, பக்கத்துத் தோலைவிடக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று கைதான் சொல்லும்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். இழுத்துத் திருப்பக் கூடாது, விரிப்பு தோலை உரித்துவிடும். தூக்கித்தான் வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். இரவில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ மகனோதான். எழுப்பினால் பதறி எழுந்து, "என்னாச்சு சிஸ்டர்?" என்பார்கள். "ஒண்ணும் ஆகல. திருப்பணும், ஒரு கை புடிங்க." குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துணி மடித்து வைப்போம். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. நனைந்த துணி உடனே மாற வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சியிலும் முட்டையிலும் புரதம் போதுமா என்று பார்க்க வேண்டும், சத்தில்லாத உடம்பில் தோல் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும்.

இத்தனையும் செய்தால் கிடைப்பது, வந்தபோது இருந்த மாதிரியே இருக்கிற ஒரு முதுகு.

புண் வந்துவிட்டால் எல்லோருக்கும் தெரியும். நாற்றம் வார்டின் அந்தக் கோடி வரை வரும். யார் டியூட்டி என்ற கேள்வி வரும், குறிப்பாணை வரும். வராத புண்ணுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. வேலையின் பெரும்பகுதி இப்படி நடக்காமல் போனவற்றில் இருக்கிறவர்கள் அதை எங்கே எழுதிவைப்பது? இந்த நோட்டு அதற்காகத்தான்.

*

டிஸ்சார்ஜ் சம்மரியை நூற்றுக்கணக்கில் கையில் கொடுத்திருக்கிறேன். மேலே துறைத் தலைவர் பெயர், யூனிட் மருத்துவர்கள் பெயர். கீழே நோயின் பெயர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எண்கள், கொடுத்த மருந்துகள், மறுபடி எப்போது வர வேண்டும். கடைசியில், நோயாளி நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார் என்று ஒரு வரி. அந்த நல்ல நிலைக்கு உள்ளே எத்தனை இரவுகள் இருக்கின்றன என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

எங்கள் எழுத்து வேறு இடத்தில் இருக்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. எழுதும் அட்டவணை, உள்ளே போனது வெளியே வந்தது எழுதும் கணக்கு, செவிலியர் குறிப்பு. நோயாளி வீட்டுக்குப் போனதும் இவை கேஸ் ஷீட்டோடு கட்டப்பட்டு ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விடும். வழக்கு வந்தால்தான் வெளியே வரும். பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம், எழுதவில்லை என்றால் செய்யவில்லை என்று அர்த்தம். அது சரியான பாடம். அதற்கு இன்னொரு பாதி உண்டு, அதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை: எழுதியதை யாராவது படிக்க வேண்டும்.

*

நோயாளியின் வீட்டார்மேல் எனக்கு வருத்தமில்லை என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். வருத்தம் இருந்த காலம் உண்டு. மருத்துவர் அறை வாசலில் இனிப்புப் பெட்டியோடு நிற்பவர்கள் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போவார்கள். "நீங்கதான் சார் சாமி" என்று உள்ளே சொல்வது வெளியே கேட்கும். அந்த மருத்துவரும் நன்றிக்கு உரியவர்தான், அவர் பார்த்த பார்வையில்தான் மருந்து மாறியது.

பக்கத்தில் இருந்து பார்த்தால் அவர்கள் நிலை புரியும். பல நாளாகத் தரையில் படுத்தவர்கள். கடன் வாங்கி வந்தவர்கள். வீட்டில் ஆட்டையும் மாட்டையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள். தாள் கையில் வந்ததும் அவர்கள் மனம் பஸ்ஸுக்குப் போய்விடும். உயிரா சாவா என்ற வார்த்தையை யார் வாயால் கேட்டார்களோ அந்த முகம்தான் நினைவில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. நோய் மறக்கப்பட வேண்டியது. சிறுநீர்ப் பையும் வாந்தியும் நடு ராத்திரி அழுகையும் மறந்தால்தான் மனிதர் மறுபடி வீட்டில் மனிதராக இருக்க முடியும். நாங்கள் அந்த நாட்களின் ஒரு பகுதி. அவற்றோடு சேர்ந்து நாங்களும் மறக்கப்படுவது இயல்பு. உழவர் சந்தையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு என்னை உரசிக்கொண்டு போனாள். அந்தக் குழந்தையின் காலில் நரம்பு கிடைக்காமல் நான் தேடிய ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது. அவள் கத்தரிக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடத் தோன்றவில்லை. குழந்தை நன்றாகச் சதை போட்டிருந்தது.

*

வலித்தது வேறிடத்தில்.

ஒரு டெங்குப் பருவம். வார்டு நிரம்பி நடைபாதையிலும் கட்டில். டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் இறங்கும் நேரம். வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள், பிள்ளைக்குச் சூடு விட்டுவிட்டது என்பார்கள். அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தக் கசிவு நீடிக்கலாம். பி.பி.யின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். இரண்டுக்கும் இடைவெளி 20-க்கு வந்துவிட்டால் உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போகிறது என்று பொருள். கை கால் குளிரும், சிறுநீர் குறையும். டிரிப்பைக் கூட்ட வேண்டும். கசிவு நின்ற பிறகும் அதே வேகத்தில் ஓடினால் வெளியே நின்ற நீர் திரும்பி வந்து நுரையீரலை நிறைக்கும், அப்போது குறைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து, சொட்டுகளை எண்ணி, மாற்றம் தெரிந்த நிமிடத்தில் மருத்துவரை எழுப்பினால்தான் இது நடக்கும். அந்தப் பருவத்தில் நாங்கள் அப்படித்தான் நின்றோம்.

பிறகு குடியரசு தின விழாவுக்குப் பாராட்டுச் சான்றிதழுக்குப் பெயர் கேட்டார்கள். போன பெயர், தினசரி எண்ணிக்கையைத் தொகுத்து மேலே அனுப்பியவருடையது. வார்டில் நின்ற யார் பெயரும் இல்லை.

அன்று வீட்டில் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். "விடும்மா, உனக்குத் தெரியும்ல நீ என்ன செஞ்சேன்னு" என்றார் கணவர். எனக்குத் தெரியும் என்பது அன்றைக்கு எனக்குப் போதவில்லை. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே ஏதோ நின்றது. கோபம் என்று சொன்னால் சரியாக இருக்காது. நான் அங்கே இல்லவே இல்லை என்று யாரோ எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

பெயர் போனவர்மேல் ஒன்றும் இல்லை. அவரும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து எண்களைச் சரிபார்த்தவர். மேலே இருப்பவர்களின் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது அவர் எழுதிய தாள் மட்டும்தான். அவர்கள் கண்ட ஒரே உழைப்புக்கு அவர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. புரிந்த பிறகு வலி குறைந்தது, முழுதும் போகவில்லை.

*

1840-களின் வியன்னாப் பொது மருத்துவமனை. அங்கே பிரசவப் பிரிவு இரண்டு. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் படித்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் பத்துக்கு ஒரு தாய் பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. ஊருக்கே இது தெரியும். முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டார்: மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது. மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1850-இல் வியன்னாவை விட்டுப் போனார். 1865-இல் மனநோய் விடுதியில் இறந்தார். வயது 47.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் செம்மல்வைஸுக்கு நடந்த அநியாயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது பிரிவின் மருத்துவச்சிகள் நினைவிலேயே நிற்கிறார்கள். எந்தக் கண்டுபிடிப்பும் இல்லாமல், எல்லா வருடமும், அவர்கள் கையில் தாய்மார் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பிணவறைக்குப் போகாத கைகள் என்பதுதான் காரணம் என்று அவர்களுக்கே தெரியாது. வந்தவர்களைப் பார்த்தார்கள், பிள்ளை எடுத்தார்கள், அனுப்பினார்கள். செம்மல்வைஸின் கணக்கில் அவர்கள் ஒப்பீட்டுக்கான எண்ணாக இருக்கிறார்கள். அந்த எண் இல்லையென்றால் அவருடைய கண்டுபிடிப்பும் இல்லை. அவருக்குப் பிறகாவது சிலை வைத்தார்கள், அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவர்களில் ஒருத்தி பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுடைய பிரிவில் சேர வேண்டும் என்று மண்டியிட்ட பெண்கள்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அது சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை.

*

பாராட்டை எதிர்பார்ப்பது சின்னத்தனம் என்று வளர்க்கப்பட்டவள் நான். செய்ததைச் சொல்லிக் காட்டாதே என்பார் அம்மா. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரம் பெற்றவர் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறது. செய்தவர் கேட்டு வாங்கலாம் என்று அதில் இல்லை. ஒப்புரவறிதல் அதிகாரத்துக்குப் போனால் வள்ளுவர் கைம்மாறு கேட்காத மழையைக் காட்டிவிடுவார்.

ஆனால் அந்த அதிகாரங்கள் உதவியைப் பற்றியவை. மாதச் சம்பளத்துக்கு ஒருத்தி செய்யும் வேலையை உதவி என்று சொல்லிவிட்டால், அவளை வேலைக்கு வைத்தவருக்குப் பொறுப்பே இல்லாமல் போய்விடும். வேலையைப் பற்றி வள்ளுவர் பேசுவது பொருட்பாலில், அரசனைப் பார்த்து. தெரிந்து வினையாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், வேலை செய்கிறவனை அரசன் நாள்தோறும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார். அவன் கோணாதவரை உலகமும் கோணாது என்பது அதன் கருத்து. கண்காணிப்பைச் சொல்கிறது என்று உரை சொல்வார்கள். சொல்லட்டும். பார்க்கும் கடமை மேலே இருப்பவருடையது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். என்னைப் பார்க்கவில்லையே என்று ஒரு பணியாளர் மனம் கசந்தால் அதில் ஆசை கொஞ்சம் இருக்கலாம். நியாயமும் இருக்கிறது.

*

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. கொரோனா காலத்தில் எங்களுக்காக நாடு முழுவதும் கை தட்டினார்கள். தட்டு, கிண்ணம், மணி. மே 3-ஆம் தேதி மருத்துவமனைகள்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். கண்ணீர் வந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. பி.பி.இ. உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல், மூச்சால் கண்ணாடி மங்கி, கட்டில் எண்ணைத் தடவித் தடவிப் படித்த காலத்தில் ஒரு கைதட்டல்கூட உடம்புக்குள் போய் ஏதோ செய்தது.

தமிழ்நாட்டில் அந்த வருடம் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு பணி முடிந்தது என்று உத்தரவு வந்தது. சேலத்திலும் சென்னையிலும் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால், 2017 நவம்பரில், சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகமான டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்த செவிலியர் தேர்வு எழுதி, மதிப்பெண் பெற்று, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு வந்தவர்கள். அவர்களில் சிலர் என் வார்டில் என் பக்கத்தில் நின்றவர்கள். அதே ஊசி, அதே இரவு, அதே ரத்தம். எனக்குக் காலமுறை ஊதியம், அவர்களுக்கு அது.

அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று நான் வருந்தும்போதெல்லாம் இவர்களை நினைத்துக்கொள்கிறேன். என் வருத்தம் ஒரு தாளில் பெயர் வராத வருத்தம். அவர்களுக்குப் பணியே நிலையில்லை. கைதட்டுவதற்குச் செலவில்லை. பணி நிரந்தரத்துக்கும் ஆள் நியமனத்துக்கும் செலவு உண்டு. ஓர் அரசோ நிர்வாகமோ தன் ஊழியரை மதிக்கிறதா என்று தெரிய, அது எதற்குச் செலவு செய்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

*

இனி எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம்.

காலை ஏழு மணிக்கு ஓவர் கொடுப்போம். இரவு டியூட்டி பார்த்தவரும் காலையில் வந்தவரும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடப்பது. பெயர், வயது, என்ன நோய், இரவு என்ன நடந்தது, எந்த மருந்து போயிற்று, எது பாக்கி, எந்த ரிப்போர்ட் வர வேண்டும், சிறுநீர் எவ்வளவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு நடப்பது போல இருக்கும்.

நான் புதிதாகச் சேர்ந்தபோது அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் ஓவர் எடுக்கும் விதம் வேறு. கேஸ் ஷீட்டை முதலில் வாங்க மாட்டார். நோயாளியைப் பார்ப்பார். விரிப்பை விலக்கிக் காலைப் பார்ப்பார். ஊசி போட்ட கையில் வென்ஃப்ளானைச் சுற்றி வீங்கியிருக்கிறதா என்று விரல் வைப்பார். டிரிப் பாட்டிலைப் பார்த்து மணியைப் பார்ப்பார். சிறுநீர்ப் பை தரையில் படுகிறதா என்று குனிவார். அதற்குப் பிறகுதான் "சொல்லு" என்பார். நான் சொல்வதும் அவர் பார்த்ததும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு காலை. பக்கவாதத்தில் வந்த பெரியவர், நல்ல கனத்த உடம்பு. அவருக்குத் துணைக்கு வயதான மனைவி மட்டும். இரவெல்லாம் நானும் அந்த அம்மாவும்தான் திருப்பியிருக்கிறோம். சிஸ்டர் விரிப்பை விலக்கிக் குதிகாலைப் பெருவிரலால் அழுத்தினார். முதுகுப் பக்கம் கையை விட்டுப் பார்த்தார். கெண்டைக்காலுக்கு அடியில் நான் மடித்துவைத்த பழைய புடவைத் துணியைப் பார்த்தார். அந்தப் புடவை அந்த அம்மாவுடையது.

"கடைசியா எத்தனை மணிக்குத் திருப்பினே?"

"அஞ்சே முக்காலுக்கு சிஸ்டர்."

"ம்."

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தபோது உடம்பில் அலுப்பே இல்லை. இரவு எட்டு மணியிலிருந்து காலை வரை நான் செய்த ஒவ்வொன்றையும் அவர் கை படித்துவிட்டது. குதிகாலில் இல்லாத சிவப்பைப் பார்த்தார். அது ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியும். எத்தனை தடவை எழுந்திருந்தால் அது இல்லாமல் இருக்கும் என்றும் தெரியும். அதே வேலையைத் தன் இடுப்பால் செய்தவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

பாராட்டு வேண்டும் என்று நான் நினைத்ததெல்லாம் இந்த "ம்"தான் என்று பிற்பாடு எனக்குத் தெளிந்தது. மேடையும் சால்வையும் வேலை தெரியாதவர்களும் கொடுக்கலாம். அவை வந்தால் சந்தோஷம்தான், வீட்டில் மாட்டி வைக்கலாம். வேலையை வரி வரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துவிட்டுத் தலையசைப்பது வேறு. வேலை தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் படிப்பதை நிறுத்திவிட்ட இடத்தில் எத்தனை விருது கொடுத்தாலும் ஆள்கள் உள்ளுக்குள் உலர்ந்துபோவார்கள். இப்போது ஓவர் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. ஆள் குறைவு, கட்டில் அதிகம், காலையில் வந்தவருக்கு உடனே பத்து வேலை. மேஜையிலேயே நின்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். விரிப்பை யாரும் விலக்குவதில்லை. இழந்தது நோயாளியின் பாதுகாப்பு மட்டும் இல்லை. இரவு பார்த்த பெண் தன் இரவை யாரிடமும் ஒப்படைக்காமலே வீட்டுக்குப் போகிறாள்.

நான் இன்சார்ஜ் ஆன பிறகு முதல் வேலையாக அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். எல்லாக் கட்டிலுக்கும் முடியாது. எழ முடியாத நோயாளிகளுக்காவது விரிப்பை விலக்கிப் பார்த்துத்தான் ஓவர். நன்றாக இருந்தால் நான் "ம்" என்று விடுவதில்லை. வாயைத் திறந்து சொல்கிறேன். "நைட்டு நல்லாப் பாத்திருக்கே." இந்தத் தலைமுறைப் பெண்களுக்கு அது காதில் விழ வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் தலைமுறைக்கும் விழுந்திருக்கலாம்.

*

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு நிற்கும் படம் எல்லா நர்சிங் பள்ளியிலும் உண்டு. அவர் வரைந்த படம் குறைவான இடங்களில்தான் இருக்கிறது. 1858-இல் அச்சான வட்ட வடிவ வரைபடம் அது. கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்கள் எத்தனை பேர், தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் எத்தனை பேர் என்று மாதம் மாதமாக நிறம் பிரித்துக் காட்டினார். ஸ்கூட்டாரி மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 வரை போன சாவு ஜூனில் இரண்டளவுக்கு வந்தது. நடுவே நடந்தது, மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கட்டடத்துக்கு அடியில் அடைத்திருந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்ததும் காற்றோட்டம் செய்ததும். அதைத் தன் பெருமையில் சேர்த்துக்கொள்ளாமல், சுகாதாரத்தின் வேலை என்றே அவர் வாதாடினார். அந்தச் சாக்கடையில் இறங்கியவர்களின் பெயர் வரைபடத்தில் இல்லை. அவர்கள் வேலை அதில் இருக்கிறது, சுருங்கிக்கொண்டே போகும் நீல நிறமாக.

எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஏஜென்சி மூலம் வந்தவர். அவர் பெயர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை, ஏஜென்சியின் பட்டியலில் இருக்கும். பெட்பேன் எடுப்பது அவர். யார் சாப்பாட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள், யார் ராத்திரி அழுதார்கள் என்று எங்களுக்கு முன்னால் தெரிவதும் அவருக்குத்தான். ஒரு மதியம் வந்து, "சிஸ்டர், பதினாலாம் கட்டில் தாத்தாவுக்கு வெளிய போனது கறுப்பா, தார் மாதிரி இருக்கு. வாடையும் வேற மாதிரி" என்றார். போய்ப் பார்த்தேன். நாடி வேகம், பி.பி. இறங்கத் தொடங்கியிருந்தது. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. மருத்துவர் வந்தார், ரத்தம் ஏற்றினார்கள், தாத்தா எண்டோஸ்கோபிக்குப் போனார். பிழைத்தார்.

செவிலியர் குறிப்பில் அன்று நான் எழுதிய முதல் வரி: மலம் கறுப்பாக இருப்பதாக வார்டு பணியாளர் இன்னார் தெரிவித்ததன்பேரில் நோயாளியைப் பார்த்தேன். பெயரோடு எழுதினேன். அப்படி எழுதும் வழக்கம் இல்லை. பயிற்சி மருத்துவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ரவுண்ட்ஸில் அவரே பெரிய டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொன்னார்.

*

1987-இல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்கச் செவிலியர் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வலியை உணர்கிறாரா, தோல் எவ்வளவு ஈரம், எவ்வளவு நடமாட்டம், தானாகப் புரள முடிகிறதா, என்ன சாப்பிடுகிறார், உராய்வு எவ்வளவு. ஆறு கேள்வி. கூட்டினால் 6-லிருந்து 23-க்குள் ஓர் எண் வரும். எண் குறையக் குறையப் புண் வரும் ஆபத்து கூடும். வார்டில் சேர்ந்த அன்றே போட்டுவிட்டால், இவருக்கு வர வேண்டிய புண் வரவில்லை என்று பிறகு காட்ட முடியும். இதைச் சிறு காரியம் என்று நினைக்க என்னால் முடியவில்லை. எங்கள் வேலைக்கு அவர்கள் ஒரு நிழலைக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது அது தரையில் விழுகிறது. எங்கள் வார்டில் அந்தத் தாளை நிரப்புகிறோம். நேரம் இருக்கும் நாளில்.

*

மே 12 செவிலியர் தினத்துக்கு இந்த முறை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்போம், கேக் வெட்டுவார்கள். கண்காணிப்பாளர் முன்வரிசையில் இருப்பார். சேவை, தியாகம், வெள்ளை உடைத் தேவதை என்று எல்லோரும் பேசியாகிவிட்டது.

நான் எழுதிவைத்திருப்பது வேறு. பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எங்கள் வார்டில் இரவு எத்தனை பேருக்கு ஒருவர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, முன்வரிசைக்குத் தெரியும். அதனால் கேட்கப்போவது: இரவுக்கு இன்னொருவர். ஓவர் எடுப்பதற்கென்று இரண்டு ஷிஃப்டும் சேர்ந்திருக்கும் அரை மணி நேரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் செவிலியர் பராமரிப்புக்கு ஒரு பத்தி, கீழே பொறுப்புச் செவிலியரின் பெயர். ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களுக்கு எங்களுக்கு உள்ள அதே விடுப்பு.

படித்துப் பார்த்தேன், நான்கு நிமிடம் வருகிறது. கொடுத்திருப்பது ஐந்து. மீதி ஒரு நிமிடத்தில் பதினாலாம் கட்டிலில் நடந்ததைச் சொல்லப்போகிறேன், பெயரோடு. அந்த அக்காவுக்கு அன்று மதிய ஷிஃப்ட். மாற்றிக்கொண்டு காலையிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.